சர்வீஸுக்குப் போன கிட்டார்

“கடக்கரை ஊர்ல இரும்பு வாங்குனா அதுக்கு ரெண்டு சொந்தக்காரம்ல, ஒருத்தன் நீ, இன்னொருத்தன்…” என்று ஆரம்பிப்பார் பெரியப்பா. அந்த இன்னொருத்தன் உப்பா காற்றா என்பது எனக்கு ஞாபகமில்லை. அதற்குப் பிறகு இன்னொரு வாக்கியமும் உண்டு, அதுவும் போய்விட்டது. உப்பு லாரிகளுக்கு வெல்டிங் வைத்துப் பிழைத்தவர். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசத் தொடங்குவார், முடிப்பதற்குள் யாராவது டிரைவர் கூப்பிட்டுவிடுவான், அதனாலேயோ என்னவோ அவர் சொன்னதெல்லாம் எனக்குள் பாதிப் பாதியாகவே கிடக்கிறது. கிட்டாரின் முதுகுத் தகட்டில் மற்றத் திருகாணிகள் எல்லாம் வந்துவிட்டன, மூலையில் இருக்கிற ஒன்று மட்டும் வரமாட்டேன் என்கிறது. அதன் தலையில் வினிகரில் நனைத்த பஞ்சை வைத்துவிட்டு, துரு இளகட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போனவர்களுக்கு நாம் சும்மா இருக்கும் நேரம் எப்படியோ தெரிந்துவிடுகிறது, வந்துவிடுகிறார்கள். தூத்துக்குடியில் ஒரு சனிக்கிழமை காலை. தெருமுனையில் மீன்காரம்மாள் சாளை, சாளை என்று கூவிக்கொண்டே போகிறாள், இன்னும் அலுத்துக்கொள்ளாத குரல். மேசைமேல் விரித்த பழைய வேட்டியில் கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டார் குப்புறக் கிடக்கிறது, உடம்புக்கு முடியாத ஒருத்தரை முதுகு துடைத்துவிடுவதற்காகத் திருப்பிப் படுக்கவைத்த மாதிரி. மற்ற இரண்டு கிட்டார்கள், சிவப்பும் வெள்ளையும், நேற்றே முடிந்து சுவரில் தொங்குகின்றன. அவை இரண்டிலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, துடைத்தேன், கம்பி போட்டேன், சுவரில் மாட்டிவிட்டேன். இதில்தான் கை போகவே மாட்டேன் என்கிறது, திருகாணியைச் சொல்லி என்ன.

பழைய கிட்டார்களை வாங்கிச் சரிசெய்து விற்பவன் நான், இந்த மூன்றும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. இஞ்ஞாசி மாஸ்டர் வீடு. கோயில் கொடை, கல்யாணம், மாதா கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் போய் வாசித்த ஒரு மெல்லிசைக் குழு, அது கலைந்தபோது சாமான்கள் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டன. சிவப்பும் வெள்ளையும் குழுவுடையவை, கறுப்பு அவருடையது. மகள் ஜெசிந்தாதான் செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மூன்றையும் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வந்து உட்காருங்கள் என்றதற்கு உட்காரவில்லை, வாசலில் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டே பேசினாள். “அண்ணாச்சி, அப்பாட்ட சர்வீஸுக்குக் குடுத்திருக்குன்னுதான் சொல்லிருக்கேன். வித்துட்டேன்னு சொல்லல. நீங்க யாருக்கு வேணும்னாலும் குடுங்க, எங்க தெருப்பக்கம் மட்டும் வேண்டாம், சத்தம் கேட்டா கண்டுபிடிச்சிருவாவ.” போன வருஷம் அவருக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுக்கப் போய், காலுக்கு உணர்வு கொஞ்சம் திரும்பிவிட்டது, கைக்குத் திரும்பவில்லை. கிட்டார்க்காரருக்கு இடது கைதானே எல்லாம், கம்பியை அழுத்துவது அதுதான், வலது கை தட்டுவதோடு சரி. தினமும் சாயந்திரம் அந்தக் கறுப்பை மடியில் வைக்கச் சொல்வாராம். வைத்தால் வாசிக்க வராது, அப்படியே உட்கார்ந்திருப்பார், ராத்திரி சாப்பிட மாட்டார். “ஒரு நாளு அந்த வெரலக் கடிச்சிட்டாவ அண்ணாச்சி. நான் சமயக்கட்டுலருந்து வந்து பாக்கேன், வாயெல்லாம் ரத்தம். வலிக்கவே இல்ல மோளேங்காவ, சிரிச்சிக்கிட்டே சொல்லுதாவ.” ஆட்டோக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் கிட்டார்களைத்தான் பார்த்தேன். அவளுக்கு முப்பத்தைந்து இருக்கும், மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை, அம்மா இல்லை, வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். சரிம்மா என்றேன். எதற்குச் சரி சொன்னேன், வாங்கிக்கொள்வதற்கா பொய்க்கா, அப்போது யோசிக்கவில்லை.

பஞ்சை எடுத்துவிட்டுத் திருகாணியைத் திருப்பிப் பார்த்தேன், இன்னும் வரவில்லை. சரி, முன்பக்கம். கம்பிகளை எப்போதோ கழற்றியாயிற்று, கடற்காற்றில் கறுத்து, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிற கம்பிகள். ஒலியைப் பிடிக்கிற பிக்கப் காந்தத்தின் மேல் டேப் ஒட்டினேன், தேய்க்கிற இரும்புக் கம்பிச் சுருளின் துகள் அதில் போய் ஒட்டிக்கொண்டால் பிறகு எடுக்க முடியாது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கட்டைகளுக்கு நடுவே மரத்தை மூடி டேப் ஒட்டி, கட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பச்சை பூத்திருந்த உலோகத்தில் மெல்ல வெளிச்சம் வருகிறது. மரத்திலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை, காறிப்போன வாசனை. மரம் காயக்கூடாதென்று தேங்காய் எண்ணெய் தேய்த்திருக்கிறார், தலைக்குத் தேய்த்தது போக உள்ளங்கையில் மிஞ்சியதைத் தேய்த்திருப்பார். நான் படித்த எல்லாப் புத்தகத்திலும் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஆனால் முகர்ந்துகொண்டே இருந்தேன், ஒரு மனிதனின் தலையணையை முகர்வது போல. திருகாணித் தலையில் வெட்டியிருக்கிற காடிகள் அத்தனையிலும் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜை. குழுவின் முதலாளி நெல்லை அம்மன் பக்தராம், ஜெசிந்தா சொன்னாள். டிரம்ஸ், கீபோர்டு, மைக், ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர் வரைக்கும் வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பாராம், இஞ்ஞாசி கிட்டார் கிறிஸ்தவக் கிட்டார் என்று விட்டுவிட முடியுமா? வைக்கிற கை தாராளமான கை. வால்யூம் குமிழுக்கு ஒன்று, டோன் குமிழுக்கு ஒன்று, பிக்கப்பின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. பல் குத்தும் குச்சியால் சுரண்டச் சுரண்ட வருஷம் வருஷமாக அடுக்கு வருகிறது. கிட்டார்ப் பெட்டியின் மூலையிலோ குருத்தோலை ஞாயிற்றுக்கிழமையின் ஓலைச் சிலுவை, காய்ந்து தகடாகிவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. சிலுவையை மட்டும் எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

டென்மார்க்கில், ஆர்ஹஸில், காது மிஷின் செய்கிற கம்பெனியில் எனக்கு இதே வேலைதான் இருந்தது. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய மிஷின்களைத் திறந்து பார்ப்பது. சின்னஞ்சிறு துவாரத்தில் காதழுக்கு, வியர்வை, சில சமயம் தலைச்சாயம். யாருடையது என்று நினைக்காமல் துடைக்க வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது வரவேயில்லை. எண்பது வயசு அம்மாள் ஒருத்தி இந்த ஓட்டை வழியாகத்தான் பேரன் குரலைக் கேட்டிருப்பாள் என்று தோன்றும், தோன்றினால் கை மெதுவாகிவிடும், மெதுவானால் மேற்பார்வையாளர் வந்து நிற்பார். நல்ல மனிதர், ஆனாலும் வந்து நிற்பார். மனைவி வனஜா சொல்வாள், உங்களுக்குப் பொருளோடு இருக்கிற அன்னியோன்னியம் ஆளோடு இல்லை என்று. சண்டையாகச் சொல்லவில்லை, சும்மா, சோறு போட்டுக்கொண்டே. நாங்கள் சண்டை போட்டதே இல்லை. அவள் அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள், நான் இங்கே வந்துவிடுகிறேன் என்றேன், இரண்டு பேருமே சரி என்றோம். மகள் இரண்டு பேருக்கும் போன் செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமை. அப்பா சாப்டாச்சா என்று கேட்பாள், அது ஒன்றுதான் அவளுக்கு முழுசாக வருகிற தமிழ் வாக்கியம். சாப்பிட்டேன் என்பேன், சாப்பிடாவிட்டாலும். நினைவு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கை தன்பாட்டுக்கு பிரிட்ஜ் பக்கம் போய்விட்டது. கம்பிகள் வந்து உட்காருகிற சின்னச் சின்னப் பித்தளைக் கட்டிகள். அவற்றில் இரண்டில் கம்பி பதிகிற காடியே இல்லை, பட்டையாகத் தேய்ந்திருந்தது. தேய்மானம், மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டின் மேலும் ஏதோ நூல் பிசிறு, அழுக்கேறிப் பழுப்பாக, சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. டூத்பிரஷால் தட்டி, இடுக்கியால் பிடுங்கி, குப்பைக் கூடையில் போட்டேன்.

போன் அடித்தது. புது நம்பர். ஹலோ என்றேன். எதிர்முனையில் ஒரு குரல், சொற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தன. “தம்பி, நான் இஞ்ஞாசி பேசுதேன். கிட்டார் இஞ்ஞாசி.” டூத்பிரஷைக் கீழே வைத்தேன். “சொல்லுங்க மாஸ்டர்.” “ஆட்டோக்காரப் பயட்ட நம்பர வாங்குனேன். எம் மவள்ட்ட கேட்டா தர மாட்டா. சர்வீஸு எந்த மட்டுல இருக்கு?” பொய் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. எட்டாவது வரைக்கும் நான் தமிழில் படித்தவன், அதற்குமேல் ஆங்கிலம். எனக்குப் பொய் எல்லாம் ஆங்கிலத்தில்தான் சரளம், தாமதத்துக்கு வருந்துகிறோம், பாகங்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று கம்பெனிக் கடிதங்களில் எத்தனை எழுதியிருக்கிறேன். பயமும் பொய்யும் ஒரே பாஷையில், தமிழில், வரும்போது நாக்கு தடுக்குகிறது. “நடந்துகிட்டிருக்கு மாஸ்டர். நல்லா துருப்பிடிச்சிருக்கு.” அவர் சிரித்தார், சிரிப்பும் சாய்ந்துதான் வந்தது. “துருப்பிடிக்காம? நம்ம ஊரு காத்துல மனுசனே துருப்பிடிக்கான். நீங்க பாத்து மெதுவாச் செய்ங்க. சர்வீஸுக்குன்னு போன சாமான் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்ததா நம்ம ஊரு சரித்திரத்துல உண்டா? எங்க கல்யாணக் கோட்டு இன்னும் டெய்லர்ட்டதான் கெடக்கு.” நானும் சிரித்தேன். “ஒண்ணே ஒண்ணு தம்பி. பிரிட்ஜுல ரெண்டு கம்பிக்கு அடியில நூலு வச்சிருப்பேன். அழுக்குன்னு எடுத்துராதிய. தம்புராக் கம்பி ரீங்காரம் போட வைப்பாவளே ஜீவாளி, அது மாதிரி. பாட்டுல வீணை பிட்டு வந்தா நாந்தான வாசிக்கணும், வீணைக்கு எங்க போவ? அந்தக் கட்டியவே அதுக்காகத்தான் அரத்தால ராவுனேன். நூலு இருக்குல்லா?” கூடையைப் பார்த்தேன். “இருக்கு மாஸ்டர்.” “பொழச்சேன் போ. அது கடையில வாங்குன நூலு இல்ல. கொடையில மாலை போடுவாவல்லா, அந்த மாலை நூல உருவி வைப்பேன், பூச்சாறு ஏறி வெறப்பா நிக்கும். சரி, கம்பி மாட்டுனதும் கூப்பிடும்வே, ஒரு தட்டுத் தட்டிக் காட்டும்.” வைத்துவிட்டார். வே என்றார். நீங்க என்று ஆரம்பித்தவர் முடிக்கும்போது வே என்றுவிட்டார். நான் இந்த ஊரைவிட்டுப் போன பிறகு யாரும் என்னை அப்படி உரிமையோடு கூப்பிடவில்லை. திரும்பி வந்தும் எல்லாரும் சார்தான். கையில் போனை வைத்துக்கொண்டு அந்த ஒற்றை எழுத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

பிறகுதான் கூடையைக் கவிழ்த்தேன். வேட்டி கிழித்த நூல், பஞ்சு, டேப் துண்டு, தேயிலைத் தூள் வேறு, காலையில் போட்டது. எல்லா நூலும் பழுப்பு. முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூச்சாறு ஏறிய நூல் எப்படி இருக்கும்? முகர்ந்து பார்த்தேன், எல்லாம் தேயிலை. இது ஒரு விஷயமா, நூல்தானே, கண்ணுக்குத் தெரியாத ஒரு அங்குலம் என்று ஒரு மனம் சொல்கிறது. கிட்டாரே அவருக்கு இல்லை என்று ஆகிவிட்டது, நூலுக்கு எதற்கு இந்தத் தேடல். கிட்டாரை வாங்கியவன் நான், சாயந்திரம் மணப்பாட்டிலிருந்து கோயில் பாடகர் குழு வருகிறது, அவர்களுக்குக் கறுப்புதான் வேண்டுமாம், படத்திலேயே பிடித்துவிட்டதாம். அவர்களுடைய கோயில் பாட்டுகளுக்கு வீணை எதற்கு. சரிதான், ஆனால் இன்னொரு மனம் அந்த விரலிலேயே நிற்கிறது. கடித்த விரல். எந்த விரல் என்று ஜெசிந்தா சொல்லவில்லை. மோதிர விரலாக இருக்கும், பலவீனமான விரல் அதுதானே, வாசிக்கிறவனை முதலில் ஏமாற்றுவது அதுதான், கோபமும் அதன்மேல்தான் வந்திருக்கும். அவருக்குத் தெரிந்திருக்குமோ? சர்வீஸுக்குப் போனது திரும்பாது என்று சிரித்தாரே, அது வெறும் ஊர்ச் சிரிப்பா, இல்லை தெரிந்துகொண்டு மகளுக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறாரா? அப்படியென்றால் அவள் அவருக்காகப் பொய் சொல்கிறாள், அவர் அவளுக்காக ஏமாறுகிறார், நடுவில் நான் பல் குச்சியோடு நிற்கிறேன். இல்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் குரல் அல்ல அது, நூலு இருக்குல்லா என்று கேட்ட அவசரம் ஏமாந்த மாதிரி நடிக்கிறவரின் அவசரம் அல்ல. ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எனக்கு இப்படி ஒன்று வந்தால், இந்த அறையில், இந்த மின்விசிறிக்குக் கீழே, எனக்காகப் பொய் சொல்ல யார் இருக்கிறார்கள்?

எழுந்து கைகழுவிவிட்டு வந்தேன். ஏதாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. முரண்டு பிடித்த திருகாணி இப்போது தொட்டதும் சுழன்று வந்தது. உள்ளே குமிழ்களின் இணைப்புகளுக்கு மருந்தடித்துத் திருப்பித் திருப்பி விட்டேன், ஜாக்கில் விட்டுப்போன ஒரு கம்பிக்கு ஈயம் வைத்தேன், புகை கண்ணில் ஏறியது. மூடிவிட்டு, புதுக் கம்பிகள் மாட்டினேன். சட்டைப் பொத்தானுக்கு வைத்திருந்த நூல்கண்டிலிருந்து வெட்டி, அந்தப் பட்டைக் கட்டியின் மேல், கம்பிக்கு அடியில் நுழைத்துத் தட்டினேன். டொப். ஈரத் துணியைத் தட்டிய மாதிரி. கொஞ்சம் முன்னே தள்ளினேன், டொப். பின்னே இழுத்தேன், நூல் வெளியே வந்துவிட்டது. சாதத்துக் கஞ்சியில் தோய்த்து, காயவைத்து, மறுபடி வைத்தேன். சொத்தென்றது. உருவி எறிந்தேன். அந்த நேரம் பார்த்து போன், அதே நம்பர், எடுக்காமல் விடலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விரல் எடுத்துவிட்டது. “என்னவே, மாட்டியாச்சா? எனக்கு இருப்புக் கொள்ளல.” சின்ன ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, நூல் இல்லாத வெறும் கம்பியை, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை தட்டினேன். சுத்தமான ஒலி, அறை முழுக்க நின்று மெல்லத் தேய்ந்தது. ஒரு ரீங்காரமும் இல்லை. அவ்வளவுதான், கண்டுபிடித்துவிடுவார் என்று காத்திருந்தேன். “அதான்!” என்றார். “அதான்வே! கேக்குதா, தேனீ மாதிரி ஒண்ணு பின்னாடியே போவுது பாத்தீரா? இன்னொரு தட்டு!” தட்டினேன். “யப்பா! ஒரு வருசம் ஆச்சுவே இத கேட்டு.” எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவர் போனின் ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது. சின்ன ஸ்பீக்கர்கள் கிழிந்தால் எப்படி அதிரும் என்று ஆயிரம் காது மிஷின்களில் கேட்டவன் நான், தேனீ இருந்தது அவர் காதோடு ஒட்டியிருந்த அந்தப் போனுக்குள். சொல்லவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் மூச்சு மட்டும் வந்தது, நான் நிறுத்தினால் அந்த மூச்சும் நின்றுவிடுமோ என்று பயந்து மெதுவாக, மெதுவாகத் தட்டினேன்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் ஜெசிந்தா கூப்பிட்டாள், கம்பெனி வாசலிலிருந்து, பின்னால் லாரிச் சத்தம். “அண்ணாச்சி, அப்பா உங்களுக்குப் போன் போட்டாவளா?” போட்டார் என்றேன். “அடுத்த வீட்டு அக்கா சொல்லுது, வாசல்ல உக்காந்து சிரிக்காவளாம், போறவன் வாறவனயெல்லாம் கூப்பிட்டு கிட்டாரு ரெடியாயிட்டுங்காவளாம். என்ன சொன்னிய நீங்க?” கோபம் இல்லை, பயம். “நான் ஒண்ணும் சொல்லலம்மா. தட்டிக் காட்டுனேன், அவ்வளவுதான்.” “ஐயோ, அதுதான அண்ணாச்சி வேண்டாங்கது! வெளிநாட்டுலருந்து சாமான் வரணும், நாளாவும்னு சொல்லிருங்க. நம்ம ஊரு மெக்கானிக்கு எல்லாரும் சொல்லுததுதான, நீங்களும் சொல்லுங்க.” குரலைத் தணித்துக்கொண்டாள். “திரும்பி வந்துட்டுன்னு வைங்க. மடியில வச்சிக்கிட்டு அந்தக் கையப் பாத்துக்கிட்டே இருப்பாவ. நான் வேலைக்கு வந்துருவேன். வீட்டுல யாரு இருக்கா பாக்கதுக்கு?” அழுகிறாள் என்று தெரிந்தது, அழுவதை லாரிச் சத்தத்தில் மறைத்துக்கொண்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கு அண்ணாச்சி, நல்லா இருப்பிய, என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

என்ன இருக்கிறது யோசிக்க. அவள் சொல்வது சரி. நாளை, அடுத்த வாரம், கப்பல் வரவில்லை, கஸ்டம்ஸில் நிற்கிறது. இந்த ஊரில் யாரும் என்னைத் தப்பாக நினைக்கமாட்டார்கள். அவர் காத்திருப்பார். காத்திருப்பது கெட்டதா? காத்திருக்கிறவர் சாப்பிடுவார், வாசலில் உட்கார்ந்து சிரிப்பார். நான் வாரம் ஒருமுறை போனில் தட்டிக் காட்டலாம், எந்தக் கிட்டாரைத் தட்டினாலும் கிழிந்த ஸ்பீக்கர் அதைக் கறுப்பாக்கிக் கொடுத்துவிடும். எவ்வளவு சுலபம். சுலபம் என்று நினைத்ததும் உடம்பு கூசியது. அவர் கேட்டது தேனீயை அல்ல, தன் கிட்டாரை. தான் ராவிய கட்டியில், தான் உருவிய நூலில் வந்ததாக நினைத்துக் கேட்டார். கம்பிக்கு அடியில் மறுபடி நூலை வைத்தேன். டொப். எந்தக் கை வைக்கிறது இதை? இதென்ன கேள்வி என்று கையைப் பார்த்தேன், வலது கை. இடது கை சும்மா கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகள் விளையாடுவார்களே, கை மரத்துப்போகிற வரைக்கும், அப்படி. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள், வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேசைக்கு வந்தது. கை மரத்தது. எடுத்து மடியில் வைத்தேன், யாருடைய கையோ. வலது கையால் மட்டும், கட்டைவிரலால் கம்பியை நெம்பி, சுட்டுவிரலால் நூலை நுழைத்தேன். முடிகிறது. நூலின் நுனியைப் பிடித்து மயிரிழை இழுத்து, அதே கையால் தட்டினேன், டொப். இழுத்துத் தட்டினேன். இழுத்துத் தட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கம்பிக்குப் பின்னால் ஏதோ எழுந்தது, ஒலி இரண்டாகப் பிளந்து, ஒன்று நிற்க மற்றொன்று அதைச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்த தட்டில் இல்லை. எனக்கு எங்கே இழுப்பது என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள வருஷங்கள் ஆகும். ஆனால் அவருக்குத் தெரியும், இதில் இடது கைக்கு ஒரு வேலையும் இல்லை.

மரத்த கையைத் தூக்கி மோதிர விரலை வாய்க்குக் கொண்டுபோனேன். எதற்கென்று தெரியாது. பல்லில் வைத்து மெதுவாக அழுத்தினேன். விரல் என்று ஒன்று வாயில் இருப்பது உதட்டுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. அவர் அன்றைக்குத் தேடியது இதைத்தானா, எங்கேயாவது ஒரு மூலையில் வலி மிச்சமிருக்கிறதா என்று? இன்னும் கொஞ்சம் அழுத்தியிருப்பேன், அதற்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ரத்தம் திரும்பத் தொடங்கியது, மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை, உள்ளங்கையிலிருந்து விரல், சுரீர் சுரீரென்று, கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்குத் திரும்பி வந்துவிட்டது. ஜெசிந்தா பயந்தது சரிதான், அந்தக் கை அவர் மடியிலேயேதான் கிடக்கும், கிட்டார் போனாலும் போகாவிட்டாலும் அவர் பார்க்கத்தான் செய்வார். மறுபடி கடிக்கமாட்டார் என்று நான் எப்படிச் சொல்வது. சொல்ல முடியாது. கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நான் நினைப்பது தப்பாகப் போகலாம், போனால் அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும். வெயில் கிட்டாரின் மேல் ஏறிவிட்டது. மூலையில் ஒரு திருகாணிக் காடியில் நான் விட்டுவிட்ட கொஞ்சம் குங்குமம். குச்சியை எடுத்தேன், கீழே வைத்தேன். சுவரிலிருக்கிற சிவப்பும் வெள்ளையும் காற்றில் லேசாக ஆடின.

கம்பிக்கு அடியிலிருந்த நூலை எடுத்துவிட்டேன். மணப்பாட்டுக்காரர்களுக்குப் போன் செய்து, கறுப்பு விற்பனைக்கு இல்லை, மற்ற இரண்டையும் வந்து பாருங்கள் என்றேன். சாயந்திரம் வேலை விட்டு வரும் ஜெசிந்தாவிடம் முதலில் சொல்லிவிட்டு, அவள் வீட்டில் இருக்கும்போதே கிட்டாரைக் கொண்டுபோய் இஞ்ஞாசி மாஸ்டரின் மடியில் வைத்து, நூலை நான் குப்பையில் போட்டுவிட்டேன், சர்வீஸில் நூல் வைக்கிற வேலை மட்டும் பாக்கி, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று அவரிடம் சொல்வதென்று முடிவு செய்தேன்.